உதவி தேவையில்லை என்று எழுதப்பட்ட கை

1. மறுப்பு

ஆய்வு நிதிக்கான மறுப்புக் கடிதம் வந்தபோது நான் செல்வமணி அன்ரியின் முன்கையில் எலக்ட்ரோட் ஒட்டிக்கொண்டிருந்தேன். லாபின் மறுமுனையில் இருந்த கணினியில் கியர்ஸ்டன் அதைத் திறந்து வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவருடைய கண்ணாடியில் அழுக்கு இருக்கவில்லை.

"காசு இல்லையாமோ?" என்று அன்ரி கேட்டார்.

"இல்லையாம் அன்ரி."

"அப்ப இந்த வயரெல்லாம் கழட்டப் போறியளோ?"

"இண்டைக்கு இல்லை."

"பேந்தென்ன, ஒட்டு. அவங்கள் காசு தராட்டி என்ர கை நிண்டு பாத்துக்கொண்டிருக்குமே?"

ஒட்டினேன். அன்றைய பதிவு நன்றாகவே வந்தது.

பிசியோதெரபி, ஒக்குபேஷனல் தெரபி, மருத்துவக் கருவிப் பொறியியல் என்று மறுவாழ்வுத் துறைக்குள் இப்போது எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். சிலர் ஆராய்ச்சிப் பக்கம் வரலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அதற்காகவே இந்தக் குறிப்பு. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் இது எழுதப்படாமலே போய்விடும்.

நான் வேலை செய்வது டென்மார்க்கின் நடு யூலாந்தில் உள்ள ஒரு தொழிற்கல்லூரியில். இக்காஸ்ட் நகரத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரம். வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் தர்சிகா, அப்டி, எமினா, நஸ்ரின், பிறகு டெனிஷ்காரனாக ஒரு மடஸ் என்று போகும். இங்கே படிப்பவர்கள்தான் நாளைக்கு மருத்துவமனையிலும் கொமுன் என்ற உள்ளூராட்சியிலும் நோயாளிகளின் கையைப் பிடித்து நடத்தப்போகிறவர்கள். ஆனால் இது பல்கலைக்கழகம் இல்லை. கற்பிப்பதற்கு அரசு பணம் தருகிறது. ஆராய்ச்சி என்று வந்தால் பெரும்பாலும் நிதியங்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

எனக்கு இயக்க லாபில் வேலை. மணிக்கட்டில் கட்டும் சென்சர், தசையின் மின்குறியை எடுக்கும் இ.எம்.ஜி., கமெரா, இவற்றை எல்லாம் இணைக்கும் புரோகிராம் எல்லாம் என் பொறுப்பு. கியர்ஸ்டன் ஒக்குபேஷனல் தெரபி விரிவுரையாளர். ஆய்வின் தலைவர், எனக்கு மேலே இருப்பவர். டெனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் "நீ"தான் என்பதால் அவர்களுடைய பேச்சை எங்கள் தமிழில் அப்படியே எழுதுகிறேன். மரியாதைக் குறைவென்று நினைக்க வேண்டாம்.

2. யெல்ப்

இந்த ஆய்வு ஒரு கார்டிகனில் தொடங்கியது.

தர்சிகா அப்போது கடைசி வருட மாணவி. பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் பார்க்கும் பயிற்சி அவளுக்கு இருந்தது. புதிய சென்சரை வீட்டுச் சூழலில் சோதிக்க நானும் அவளோடு போனேன். வீடு செல்வமணி அன்ரியுடையது. அன்ரி இக்காஸ்டில் தையல் தொழிற்சாலையிலும், அது மூடிய பிறகு பொதி கட்டும் இடத்திலும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. வலது கை விழுந்துவிட்டது. கொமுன் கொடுத்த பயிற்சி சில வாரங்களோடு நின்றுவிட்டிருந்தது. ஏன் நின்றது என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

நான் அவருடைய தோளிலும் மணிக்கட்டிலும் சென்சரைப் பொருத்தினேன். தர்சிகா கேள்விகளைத் தொடங்கினாள்.

"அன்ரி, உடுப்புப் போட உதவி தேவையோ?"

"இல்லைப் பிள்ளை."

"சாப்பாடு வெட்ட?"

"ஒரு உதவியும் வேண்டாம். எல்லாம் நான் பாக்கிறன்."

"தலை இழுக்க, பின்ன?"

"இல்லை எண்டுறனெல்லே. முதல் தேத்தண்ணியைக் குடி, ஆறுது."

எல்லாவற்றுக்கும் "தேவையில்லை" என்று தர்சிகா பதிந்தாள். நாங்கள் புறப்பட எழுந்தோம். சென்சரை நான் இன்னும் கழற்றவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்ப அன்ரியும் எழுந்தார். வெளியே குளிர். அவருடைய மகள் நிரோஷா சமையலறை வாசலில் நின்று, காலையில் ரயில் ஓடாததைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை நிறுத்தாமலே கதிரையில் கிடந்த கார்டிகனை எடுத்தார், அம்மாவின் வலது கையைத் தூக்கி அதன் கைக்குள் விட்டார், இடது கையையும் விட்டார், பொத்தான்களைப் பூட்டினார், கழுத்துக்குள் மாட்டிக்கொண்ட பின்னலை வெளியே எடுத்துவிட்டார். ரயில் கதை இன்னும் முடியவில்லை.

தர்சிகா நின்றுவிட்டாள்.

"அன்ரி, உடுப்புப் போட உதவி தேவையில்லை எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம்."

"இப்ப அக்காவெல்லே போட்டுவிட்டவ?"

அன்ரி அவளை விசித்திரமாகப் பார்த்தார். "அது உதவியே? அது என்ர பிள்ளை."

நிரோஷா சிரித்தார். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அந்த வேலைக்கு டெனிஷில் பெயரே யெல்ப்பர், அதாவது உதவியாளர்.

"அங்கை ஒரு கிழவிக்கு ஒரு பொத்தான் பூட்டினாலும் யெல்ப் எண்டு பதியோணும். பதியாட்டி ஏச்சு விழும்."

"அப்ப இஞ்ச?" என்றாள் தர்சிகா.

"இஞ்ச ஆர் பதியிறது? இது அம்மா."

திரும்பவும் உட்கார்ந்தோம். கொமுனின் பயிற்சி எப்படி நின்றது என்று கேட்டேன். ஒரு நாள் தொலைபேசியில் ஒரு பெண் அழைத்தாராம். யெல்ப் வேண்டுமா என்று கேட்டாராம். தொழிற்சாலைக் கன்டீனில் பழகிய மரியாதையோடு அன்ரி "நை தக்" என்றாராம். வேண்டாம், நன்றி. அடுத்த கிழமை கடிதம் வந்திருக்கிறது.

"அதிலை செல்யுல்பன் எண்டு ஒரு சொல்லுப் போட்டிருந்தது. செல்வமணியைத்தான் பிழையா எழுதிப்போட்டாங்களாக்கும் எண்டு நான் நினைச்சன்."

தர்சிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்யுல்பன் என்பது இந்தத் துறையில் மிகப் பெரிய சொல். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவர் என்று பொருள். அந்தச் சொல் விழுந்துவிட்டால் பயிற்சி முடிந்தது.

"ஏன் அன்ரி வேண்டாம் எண்டனீங்கள்?"

"யெல்ப் எண்டால் என்ன பிள்ளை? கொன்தன்ட்யெல்ப். வேலை இல்லாத ஆக்களுக்குக் கொமுன் குடுக்கிற காசு. வந்த புதுசிலை நாங்களும் எடுத்தனாங்கள்தான். தைக்கப் போன நாளிலிருந்து ஒரு சதம் எடுக்கேல்லை. ஒருத்தி போன் அடிச்சு யெல்ப் வேணுமோ எண்டு கேட்டால், ஓம் தாருங்கோ எண்டு நான் கையை நீட்டுறதோ?"

அந்த வீட்டில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. கொமுனில் கேட்டவரும் தவறாகக் கேட்கவில்லை. வெளியார் தருவது மட்டுமே அன்ரிக்கு உதவி. அதை வாங்குவது கூச்சம். மகள் செய்வதற்கு அவரிடம் தனியாக ஒரு பெயரே இல்லை. பெயர் இல்லாததை எந்தக் கேள்வியாலும் கேட்டெடுக்க முடியாது.

லாபுக்குத் திரும்பியதும் சென்சர் பதிவைத் திறந்தேன். கார்டிகன் போட்ட இடத்தில் மணிக்கட்டு உயர்ந்திருந்தது. தோள் தசையின் கோடு மட்டும் தட்டையாகக் கிடந்தது. கை எழும்பியிருக்கிறது, தசை வேலை செய்யவில்லை. அதாவது கையை வேறொருவர் எழுப்பியிருக்கிறார்.

கியர்ஸ்டன் அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

"துர்க்கா, இது மொழிபெயர்ப்புப் பிரச்சினை இல்லை. இது அளவீட்டுப் பிழை. பிழையான கருவியாலை அளந்து அந்த மனுசியின்ர பயிற்சியை நிப்பாட்டியிருக்கினம்."

3. செய்து காட்டுங்கோ

எங்கள் முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

அ. "உதவி" என்ற சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்துவிடுவது. அதற்குப் பதிலாக, "இண்டைக்கு விடிஞ்சதிலிருந்து உங்களுக்கு ஆர் ஆர் என்னென்ன செய்து தந்தவை?" என்று கேட்பது.

ஆ. செய்து காட்டச் சொல்வது. சொந்த வீட்டில், சொந்த உடுப்பில், தினமும் பிடிக்கிற கத்தியில்.

இ. அந்த நேரத்தில் எந்தக் கை, யாருடைய பலத்தில் அசைகிறது என்பதைச் சென்சரால் பார்ப்பது.

கல்லூரியின் உள்நிதியில் ஒரு சிறு தொகை கிடைத்தது. மாணவர்கள் தங்கள் தங்கள் மொழி பேசும் வீடுகளுக்குப் போனார்கள். எமினாவின் குடும்பம் பொஸ்னியாவிலிருந்து வந்தது. முதல் வீட்டிலிருந்து வந்தவுடனேயே அவள் கேட்டாள்: "எங்கட ஆக்களிட்டையும் இதே கதைதான். மருமகள் செய்யிறது ஒரு கணக்கிலயும் இல்லை. நீங்கள் இதைத் தமிழாக்களின்ர பழக்கம் எண்டோ நினைச்சனீங்கள்?"

உண்மையில் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தத் தொகையிலேயே ஒரு சிறிய பயிற்சிக் குழுவையும் நடத்தினோம். செல்வமணி அன்ரி கிழமைக்கு ஒரு நாள் லாபுக்கு வந்தார். தசை எப்போது உயிர்க்கிறது என்று திரையில் அவரே பார்ப்பார். கோடு கொஞ்சம் எழும்பினால், "அந்தா, துடிக்குது!" என்று சத்தம் போடுவார். சில மாதங்களில் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டன. கரண்டியைப் பிடித்தார். பொத்தானைப் பிடித்தார், ஆனால் ஓட்டைக்குள் தள்ள முடியவில்லை. இன்னும் பயிற்சி இருந்தால் முடியும் என்று கியர்ஸ்டன் சொன்னார். எனக்கும் அந்தக் கோடு அதையே சொல்லியது.

இதைப் பெரிதாகச் செய்யத்தான் நிதியத்துக்கு விண்ணப்பித்தோம். அவர்களுடைய அழைப்பின் தலைப்பே மறுவாழ்வில் சமவாய்ப்பு. மறுப்பு வந்தால் தவணை முடிவோடு பயிற்சிக் குழுவும் நிற்கும். கொமுனின் கோப்பில் அன்ரி அப்போதும் செல்யுல்பன். அதாவது அந்த இரண்டு விரல்களுக்கும் போக வேறு இடம் இல்லை.

4. மூன்று காரணங்கள்

மறுப்பில் மூன்று காரணங்கள் இருந்தன. நான் எதையும் பட்டியலாக்கிப் பார்க்கும் ஆள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் பதிலை எழுதினேன். அனுப்புவதற்காக அல்ல. எனக்காக மட்டும்.

முதல் காரணம்: ஆய்வுக்குரியவர்கள் சிறிய, சென்றடையக் கடினமான குழு.

செல்வமணி அன்ரி இக்காஸ்ட் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பல வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறார். வரிக் கடிதம் அவரைச் சென்றடைகிறது. தண்ணீர்க் கட்டணம் சென்றடைகிறது. தொழிற்சாலை மூடியபோது அந்தச் செய்தியும் தவறாமல் சென்றடைந்தது. மறுவாழ்வுக்கு மட்டும் அவருடைய வீட்டுக்கு வழி தெரியவில்லையாம்.

இரண்டாம் காரணம்: விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் போதிய ஆராய்ச்சிச் சூழல் இல்லை.

பணம் தராததால் சூழல் இல்லை. சூழல் இல்லாததால் பணம் தரமாட்டார்கள்.

மூன்றாம் காரணத்தை வாசித்தபோதுதான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். ஆய்வுக்குழுவில் சிலர் ஆய்வுக்கு உட்படுவோரின் பின்னணியையே கொண்டவர்கள் என்பதால் நடுநிலை குறித்துக் கேள்வி எழுகிறது. பெயர் சொல்லப்படவில்லை. ஆய்வுக்குழுவில் டெனிஷ் அல்லாத பெயர் ஒன்றே ஒன்று. அது என்னுடையது.

டெனிஷ்காரர் டெனிஷ்காரரை ஆராய்கிறார்கள். அவர்களுடைய நடுநிலை பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு கேள்வி ஏன் பிழையாகிறது என்று கண்டுபிடிக்க என் மொழி தேவைப்பட்டது. கண்டுபிடித்த பிறகு அதே மொழி குற்றமாகிவிட்டது.

நிதியத்தின் ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்தேன். இனிமையான குரல்.

"உங்கட யோசனை நல்லது. எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தோடை சேர்ந்து வந்தியள் எண்டால் வாய்ப்புக் கூட."

"அப்ப குறை யோசனையிலை இல்லை, முகவரியிலை?"

"அப்பிடி நான் சொல்லேல்லை."

"நீ சொன்னதை நான் எழுதிக்கொள்ளலாமோ?"

"அதையும் நான் சொல்லேல்லை" என்று சிரித்தார். அவருக்கு அது சிரிக்கக்கூடிய விஷயம்.

5. கேக்கோடு வந்தவர்

சில கிழமைகளில் எங்கள் பிரிவுத் தலைவர் ஹென்ரிக் உற்சாகமாக வந்தார். ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு அதே நிதி கிடைத்திருக்கிறது. பொருள், குடியேறிய முதியோரின் மறுவாழ்வுத் தேவைகள். அந்தப் பேராசிரியர் எங்களோடு கூட்டுச் சேர விரும்புகிறார்.

பேராசிரியர் கேக்கோடு வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் தானே வெட்டித் தந்தார். மாணவர் பிரதிநிதியாகத் தர்சிகாவும் அந்த மேசையில் இருந்தாள்.

"உங்கட மாணவரிட்டை இருக்கிற மொழிகள் ஒரு தங்கச் சுரங்கம்" என்றார் அவர். "அவை வீடுகளுக்குப் போய் கேள்விகளைக் கேட்டு நிரப்பித் தந்தால் போதும். பகுப்பாய்வை நாங்கள் பாப்பம்."

"சுரங்கத்திலை இறங்குற ஆக்களுக்குச் சம்பளம் இருக்கோ?" என்று கேட்டாள் தர்சிகா, கேக்கைப் பார்த்தபடி.

"படிப்புப் புள்ளிகள் குடுக்கலாம். சினிமா ரிக்கற்றும் யோசிச்சிருக்கிறம்."

கேள்விகளின் தமிழ் வடிவத்தை வாங்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் செய்தது. முதல் கேள்வி: "தங்களுக்கு ஆடை அணிவதற்கு உதவி தேவைப்படுகிறதா?"

தர்சிகா எட்டிப் பார்த்தாள். "'தங்களுக்கு' எண்டு கேட்டால் செல்வமணி அன்ரி எழும்பி நிண்டு பதில் சொல்லுவா. சொல்லுற பதில் இல்லைதான்."

நான் கார்டிகன் கதையைச் சொன்னேன். தோள் தசையின் தட்டைக் கோட்டைத் திரையில் போட்டேன். "உதவி" என்று கேட்டால் என்ன பதில் வரும், அது ஏன் வரும், எமினாவும் அப்டியும் போன வீடுகளில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"சுவாரசியமான தனிக்கதை" என்றார். "ஆனால் இந்தக் கேள்விகள் பல நாடுகளிலை சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. ஒரு சொல்லை மாத்தினாலும் மற்ற நாடுகளோடை ஒப்பிடேலாது."

"எல்லா நாட்டிலயும் ஒரே மாதிரிப் பிழையாகுது எண்டால் ஒப்பிடலாம்தான்" என்றேன்.

கியர்ஸ்டன் கேக் தட்டைத் தள்ளி வைத்தார். "உனக்குக் காசு கிடைச்சிருக்கு, அதாலை உன்ரது தரவு. எங்களுக்குக் கிடைக்கேல்லை, அதாலை எங்கடது தனிக்கதை. அவ்வளவுதானே வித்தியாசம்?"

பேராசிரியர் போன பிறகு ஹென்ரிக் கதவைச் சாத்தினார்.

"உங்கட கோபம் எனக்கு விளங்குது. ஆனால் பெரிய ஆய்விலை எங்கட பேர் வரும். இந்தக் கிழமைக்குள்ளை பதில் சொல்லோணும்."

"ஹென்ரிக், எங்கட பேர் எதிலை வரும் தெரியுமோ?" என்றேன். "தமிழ் முதியோருக்கு உதவி தேவையில்லை எண்ட முடிவிலை. அதை எங்கட மாணவரின்ர வாயாலயே கேட்டு, எங்கட மாணவரின்ர கையாலயே எழுதியிருப்பம். பேந்து எந்தக் கொமுனிலை ஆர் போய்ப் பயிற்சி கேட்டாலும் அந்த ஆய்வை எடுத்துக் காட்டுவினம்."

நானும் கியர்ஸ்டனும் மூன்று நிபந்தனைகள் எழுதினோம். கேள்வியோடு செய்துகாட்டுதலும் சேர வேண்டும். மாணவருக்குச் சம்பளம் வேண்டும். வீடுகளில் நடக்கும் பகுதிக்கு எங்கள் கல்லூரி தலைமை தாங்க வேண்டும், அதற்கான பணமும் எங்களிடம் இருக்க வேண்டும். தர்சிகாவும் எமினாவும் மாணவர்களோடு பேசினார்கள். இந்த மூன்றும் இல்லாமல் வீடுகளுக்குப் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை.

பேராசிரியரின் பதில் மரியாதையாக இருந்தது. எங்கள் ஆர்வத்துக்கு நன்றி. வேறொரு கல்லூரியோடு பேசி முடித்துவிட்டார்.

"திறந்த கதவைச் சாத்திப்போட்டியள்" என்றார் ஹென்ரிக்.

"திறந்தது பின்பக்கக் கதவு" என்றார் கியர்ஸ்டன்.

தவணை முடிந்தது. லாபில் அன்ரியின் நேரம் வேறு வகுப்புக்குப் போனது.

6. கார்டிகன், மறுபடியும்

ஆய்வு இல்லாவிட்டாலும் அன்ரிக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. குடும்ப வைத்தியர் மூலமாக நிலையை மறுபடி மதிப்பிடும்படி கொமுனைக் கேட்கலாம். கேட்டோம். இந்தத் தடவை தொலைபேசி வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள் என்று நிரோஷா அழுத்திச் சொன்னார். ஒத்துக்கொண்டார்கள். இப்படியான சந்திப்பில் உடனிருக்க ஒருவரைக் கூட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்த ஆளாக நான் போனேன்.

கொமுனின் பெண் வருவதற்கு முன் நிரோஷாவிடம் சொன்னேன்: "அவ இருக்கிற நேரம் நீங்கள் ஒண்டும் செய்யக்கூடாது அக்கா."

"ஒண்டும் எண்டால்?"

"ஒண்டும். விழப் போனால் மட்டும் பிடிக்கலாம். பொத்தானிலை கை வைக்கக்கூடாது."

அன்ரிக்குப் பிடிக்கவில்லை. "வீட்டுக்கு வந்த ஆளுக்கு முன்னாலை நான் அரைகுறையா உடுத்திக்கொண்டு நிக்கோணுமோ? இதென்ன பழக்கம்?"

அவர் கேட்டது நியாயம்தான். தன் உரிமையைப் பெற ஒரு மனுஷி தன் மானத்தை மேசையில் வைக்க வேண்டியிருக்கிறது. அதுதான் உண்மை.

கொமுனிலிருந்து வந்தவர் இளம் பெண். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். முதல் கேள்வியே அதுதான். யெல்ப் வேண்டுமா?

அன்ரியின் வாய் "நை" என்பதற்குத் திறந்தது. நான் பார்த்தேன். நிரோஷாவும் பார்த்தார். பிறகு அன்ரி வாயை மூடிக்கொண்டு, கதிரையில் கிடந்த கார்டிகனை இடது கையால் எடுத்தார்.

வலது கையை முதலில் விட வேண்டும். இடது கையால் வலது கையைத் தூக்கி உள்ளே விட்டார். கை பாதியில் மாட்டிக்கொண்டது. குலுக்கினார். கார்டிகன் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் விட்டார். நிரோஷா சோபாவின் விளிம்பில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய தோள்கள் தாமாகவே முன்னால் போய்ப் போய் வந்தன. தோளில் கார்டிகன் ஏறியதும் அன்ரி பொத்தானுக்கு வந்தார். லாபில் பழகிய அந்த இரண்டு விரல்களும் பொத்தானைப் பிடித்தன. ஓட்டையின் விளிம்புவரை கொண்டுபோயின. நழுவியது. மறுபடி பிடித்தன. நழுவியது.

"அம்மா…" என்றார் நிரோஷா.

"இரு. நீ வராதை."

கொமுன் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். கடைசியில் ஒரு பொத்தானும் பூட்டாமல் அன்ரி நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னல் கழுத்துக்குள் மாட்டியிருந்தது. மூச்சு வாங்கியது.

"அப்ப உனக்கு யெல்ப் தேவைதானே?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

அன்ரி தன் தொழிற்சாலை டெனிஷில் பதில் சொன்னார். "இக்க யெல்ப்." உதவி இல்லை. வலது கையை இடது கையால் தூக்கி மேசையில் வைத்தார். "ட்ரேனிங்."

அந்தப் பெண் நிரோஷாவின் பக்கம் திரும்பினார். "வழக்கமா இதை ஆர் பூட்டிவிடுறது?"

"நான். வேலைக்குப் போக முன்னம் ஒருக்கா. வந்த பிறகு ஒருக்கா."

"எப்ப தொடக்கம்?"

"அம்மாவுக்கு வருத்தம் வந்த நாளிலிருந்து."

"எங்கட கோப்பிலை அப்பிடி ஒண்டும் இல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை" என்றார் நிரோஷா. அவருடைய கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன.

அந்தப் பெண் போய்க் கதவு சாத்தப்பட்டதும் நிரோஷா எழுந்து, மேலிருந்து கீழாக எல்லாப் பொத்தான்களையும் பூட்டினார். பின்னலை வெளியே எடுத்துவிட்டார். அன்ரி, வந்த பெண்ணுக்குத் தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லையே என்று மகளை ஏசினார்.

பயிற்சி திரும்பக் கிடைத்தது. கிழமைக்கு இரண்டு தடவை கொமுனின் மையத்துக்குப் போகிறார். அங்கே திரையில் கோடு தெரியாது. ஆனால் முதல் பொத்தானைப் பூட்டிவிட்டதாகப் போன மாதம் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "ஒண்டுதான். கீழை உள்ளது. ஆனால் பூட்டினது நான்."

7. கணக்கில் வராதவை

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியவை இவ்வளவுதான்.

ஒரு கேள்விக்குப் பிழையான பதில் வந்தால், பதில் சொன்னவரைத் திருத்த முன் கேள்வியைக் கழற்றிப் பாருங்கள். ஒரு கருவியை அப்படித்தானே சோதிப்போம்?

உங்கள் மொழியை இலவசமாகக் கேட்பார்கள், பாராட்டோடும் கேக்கோடும். சம்பளத்தையும் தலைமையையும் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் இழப்பீர்கள். நாங்களும் இழந்தோம். இருந்தாலும் கேளுங்கள்.

நடுநிலை இல்லை என்று உங்களைச் சொன்னால், அங்கிருப்பவர்களில் யாருக்கு நடுநிலை இருக்கிறது என்று அமைதியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை எழும்பாதீர்கள்.

இன்னும் ஒன்று. செல்வமணி அன்ரிக்குப் பயிற்சி கிடைத்த கதையை நான் வெற்றிக் கதையாக எழுதவில்லை. அதை வெற்றி என்று சொல்லி முடிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ஹென்ரிக் அதைக் கல்லூரியின் இணையத்தளத்தில் போடலாமா என்றுகூடக் கேட்டார். ஒரு மனுஷி அந்நியர் முன் தோற்றுக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு மகள் தன் கைகளின் மேல் உட்கார வேண்டியிருந்தது. சட்டம் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இந்த மூன்றும் ஒன்றாக அமையாது. பேராசிரியரின் ஆய்வு இன்னொரு கல்லூரியின் பிள்ளைகளை வைத்து இப்போது நடந்துகொண்டிருக்கிறது. தங்களுக்கு உதவி தேவைப்படுகிறதா என்று கேட்கிறார்கள். இல்லை என்று பதில் வருகிறது. எல்லாம் சரியாகப் பதிவாகிறது.

நாங்கள் மறுபடி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆய்வுக்குழுவில் என் பெயரை இந்தத் தடவை கியர்ஸ்டன் முதலாவதாகப் போட்டிருக்கிறார். ஏன் பணம் வேண்டும் என்று கேட்கும் பகுதிக்கு நீளமான பத்திகள் எழுதி எழுதி அழித்தோம். கடைசியில் நடந்ததையே எழுதினேன். இக்காஸ்டிலும் ரண்டர்ஸிலும் புரொண்பியிலும் இன்று காலை வேலைக்குப் போகுமுன் யாரோ ஒரு மகள் ஒரு கார்டிகனின் பொத்தான்களைப் பூட்டியிருக்கிறாள். அந்தக் கைகளை எண்ணத்தான் நாங்கள் பணம் கேட்கிறோம்.